ஆறு பல்லுக்கு மூன்று விலை

எங்கள் ஊரில் யாருக்கும் பல் வெள்ளையாக இருக்காது. எல்லோருக்கும் அப்படித்தான் என்பதால் அதை யாரும் ஒரு குறையாக நினைத்ததில்லை. இளையரசனேந்தலுக்கு மேற்கே இருக்கிற சின்னக் கரிசல் ஊர். குடிக்க ஒரே கிணறு. அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்பல் விழுந்து மறுபல் முளைக்கும்போதே காவி பூசிக்கொண்டுதான் முளைக்கும். சாம்பல், செங்கல்பொடி, வேப்பங்குச்சி, டவுனில் விற்கிற பேஸ்ட் எதற்கும் அந்தக் காவி மசியாது. ஆனால் உறுதியில் பல் இரும்பு. வறுத்த புளியங்கொட்டையைக் கடகடவென்று கடித்துத் தின்போம்.

எனக்கு இப்படி ஒரு குறை இருக்கிறது என்பதைச் சங்கரன்கோவிலுக்கு ஹைஸ்கூல் படிக்கப் போனபோதுதான் மற்றவர்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள். முதல் வாரமே எனக்கு 'வெத்திலைப்பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்றோடு சிரிப்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது பொய். சிரிப்பேன், உதட்டை இறுக்கிக்கொண்டு மூக்கால் சிரிப்பேன். அதைப் பார்த்துவிட்டுத் திமிர் பிடித்தவள் என்று இன்னொரு பெயரும் வைத்தார்கள். காவிப்பல்காரிக்குத் திமிர் பிடித்தவள் எவ்வளவோ தேவலை என்று அதை நானும் மறுக்காமல் வைத்துக்கொண்டேன்.

இது நடந்த எண்பத்திரண்டில் எனக்கு இருபத்தைந்து வயது. பெயர் கோமதித்தாய். சங்கரன்கோவிலில் ஒரு நூல் கடையில் டைப் அடிக்கிற வேலை. தினமும் ஊரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். டைப் அடிக்க வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதுதான் அந்த வேலையில் எனக்குப் பிடித்த விஷயம்.

அப்பாவை எங்கள் பக்கம் அய்யா என்போம். அய்யா சிவனாண்டி மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாயால் பேச மாட்டார்கள். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவனுக்கு என்ன விலை கேட்டார், என்ன விலைக்குக் கொடுத்தார் என்று ஒன்றும் தெரியாது. முடிந்தால் கையை ஒரு அழுத்து. அவ்வளவுதான், அதற்குப் பிறகு அந்தப் பேச்சில் மாற்றம் கிடையாது.

மாட்டுக்கு வயது சொல்வது பல்லை வைத்து. ரெண்டு பல், நாலு பல், ஆறு பல், எல்லாம் முளைத்து முடிந்துவிட்டால் கடை சேர்ந்தது என்று கீழுதட்டை இழுத்துப் பார்த்துச் சொல்வார்கள். கிழட்டு மாட்டின் பல்லை அரம் வைத்து ராவி, இளசு என்று தள்ளிவிடுகிற தரகர்களும் இருந்தார்கள். அய்யா அதைத் தொட மாட்டார். "குளுப்பாட்டிக் கொண்டாரது ஏமாத்து இல்ல. கொம்புல எண்ணெ தடவுதது ஏமாத்து இல்ல. பல்லுல அரத்த வச்சவன் வெளங்க மாட்டான்" என்பார். அவர் ஒரு மாட்டின் பல்லைச் சொன்னால் வாங்குகிறவன் மறுபடி வாயைப் பிளந்து பார்க்க மாட்டான். எங்கள் வீட்டில் சொத்து என்று சொல்ல அந்தப் பெயர் ஒன்றுதான் இருந்தது.

அந்த வருசம் பங்குனியில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை சங்கரபாண்டி, சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடத்தில் மேஸ்திரி. அவருடைய தாய்மாமன் நல்லக்கண்ணு அய்யாவிடம் ரெண்டு ஜோடி காளை வாங்கியவர், அந்தப் பழக்கத்தில் வந்த பேச்சு. என் போட்டோவைக் கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு எடுத்த போட்டோவைக் கொடுத்தோம். பிடித்திருக்கிறது, சித்திரையில் ஒரு திங்கட்கிழமை கோயிலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அம்மாதான் பல் பேச்சை எடுத்தாள். "இதுக்கு முன்ன வந்த ரெண்டு எடமும் இவ வாயத் தொறந்ததுந்தான் எந்திரிச்சுப் போச்சு. இப்பம்தான் டவுன்ல பல்லுக்கு என்னென்னமோ செய்தாவளாமே. அவுக பாக்குததுக்கு முன்ன செஞ்சிருங்க" என்றாள்.

அய்யா கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பல்லை வெளுக்க வைப்பதும் மாட்டைக் குளிப்பாட்டுவதோடு சேர்த்தி என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். "சரி. ஆனா ஒரு எடத்துல கேட்டு முடிச்சிரக் கூடாது. நாலு எடத்துல வெல கேக்கணும்" என்றார். மாடு வாங்கினாலும் மண்வெட்டி வாங்கினாலும் அவருக்கு அதே சட்டம்.

முதலில் சங்கரன்கோவிலிலேயே, தேரடிக்குப் பக்கத்தில் பல்செட்டுக் கட்டுகிற சுயம்புலிங்கம் கடை. போர்டில் 'பரம்பரை' என்று பெரிசாகவும் 'டாக்டர்' என்று சின்னதாகவும் எழுதியிருந்தது. கண்ணாடி அலமாரியில் ஈறோடு சேர்ந்த பல்செட்டுகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருந்தன. காத்திருந்தவர்களில் ஒருவர் எங்கள் நூல் கடைக்கு வந்து போகிற தறிக்காரர் அய்யாத்துரை. நான் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, யாருக்குப் பல்லு?" என்றார் சுயம்புலிங்கம்.

"எம் மகளுக்கு" என்றார் அய்யா. சொன்ன கையோடு என் பக்கம் திரும்பி, இடது கையால் தாடையைப் பிடித்து, வலது கட்டை விரலால் என் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினார். முப்பது வருசப் பழக்கம். நான் மகள் என்பதை அந்தக் கை யோசிக்கவே இல்லை. யோசிக்கும் முன்னால் வாயும் சொல்லிவிட்டது: "கடை சேந்துட்டு, பாரும்."

அய்யாத்துரை பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. எனக்குக் காது இரண்டும் எரிந்தது. அய்யாவின் விரலில் புண்ணாக்கு வாசனை. அந்த விரலைக் கடித்துவிடலாமா என்று ஒரு நிமிசம் நிஜமாகவே நினைத்தேன்.

சுயம்புலிங்கம் டார்ச் அடித்துப் பார்த்தார். "மேல்வரிசையில முன்பல்லு ஆறு. காவி பிடிச்சுப்போச்சு. இத வச்சுக்கிட்டு என்ன செய்ய? ஆறையும் எடுத்துப்போட்டுட்டு வெள்ளயா ஒரு செட்டு வச்சிருவோம். நூத்தி எம்பது."

மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது. ஆறையும் பிடுங்கிவிட்டால் அய்யா காட்டுகிற மாதிரியே முழுசாக மாடாகவே ஆகிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டேன்.

"என்னவே நூத்தி எம்பது? நல்ல பல்லு வே இது" என்று ஆரம்பித்தார் அய்யா. "ஒரு சொத்த உண்டா பாரும். ஒரு ஆட்டம் உண்டா? வரிச எப்படி இருக்கு, நூல் பிடிச்ச மாதிரி! இந்தப் பல்லு நாப்பது வருசத்துக்கு அசையாது."

என் பல்லை ஒருவர் நல்ல பல் என்று சொல்லி நான் கேட்டதே அன்றைக்குத்தான். மனசு ஒரு மாதிரி இளகிவிட்டது. பிறகுதான் புரிந்தது. குறை சின்னது என்று சாதித்தால்தானே கூலி குறையும்! அவர் புகழப் புகழ, சுயம்புலிங்கம் விலையைக் காப்பாற்ற என் வாயில் இன்னும் இன்னும் குறை கண்டுபிடித்தார். ஈறு கறுப்பு என்றார். இடைவெளி என்றார். இரண்டு பேரும் என் வாய்க்குள் குனிந்துகொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் பேச, நான் அண்ணாந்து அவர்கள் கூரையில் இருந்த ஒட்டடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அய்யா தோளிலிருந்து துண்டை எடுத்து உதறி, அதற்கு அடியில் கையை நீட்டினார். சுயம்புலிங்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்ன அண்ணாச்சி, கையில அடியா?" என்றார். பேப்பருக்குப் பின்னால் இருந்தவர் இப்போது சத்தமாகவே சிரித்துவிட்டார். சுயம்புலிங்கம் நூற்றி நாற்பதுக்கு இறங்கி வந்தார். சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பினோம்.

அடுத்தது ராஜபாளையம். அங்கே காளிராஜ் என்று ஒருத்தர், பிடுங்க வேண்டாம், மருந்து போட்டுத் தேய்த்தே வெளுக்க வைக்கலாம் என்றார். எழுபத்தைந்து ரூபாய். "எவ்வளவு நாளைக்கு நிக்கும்?" என்று அய்யா கேட்டார்.

"கல்யாணம் முடியுத வரைக்கும் தாராளமா நிக்கும்" என்றார் அவர். அந்த ஊருக்கே அது போதுமாயிருந்தது போல.

அய்யாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "பாத்தாத்தானே தெரியும்? சாம்பிள் காட்டும்" என்றார். காளிராஜ் ஒரு குச்சியில் பஞ்சைச் சுற்றி, மூக்கை எரிக்கிற ஏதோ ஒன்றில் நனைத்து, என் முன்பல் ஒன்றில் தேய்த்தார். பல் கூசிக் கண்ணில் நீர் முட்டியது. கண்ணாடியைக் காட்டினார்கள். ஐந்து காவிப் பல்லுக்கு நடுவே ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளை.

காசில்லாமல் ஒரு பல் வெளுத்ததில் அய்யாவுக்கு ஏகப்பட்ட சந்தோசம். எனக்கோ இருந்ததும் போச்சு. எல்லாம் காவியாக இருந்தபோது தண்ணீர் என்று சொல்லித் தப்பலாம். ஒன்று மட்டும் வெள்ளையாக இருப்பதற்கு என்ன காரணம் சொல்ல? நூல் கடையில் கணக்கு எழுதுகிற ஜரினா மறுநாளே பார்த்துவிட்டாள். "என்ன கோமதி, ஒரு பல்லு மட்டும் எங்கயோ கல்யாணத்துக்குப் போற மாதிரி இருக்கு?" என்றாள். அவள் கெட்டவள் இல்லை, கேட்டுவிட்டு அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். நான் பாத்ரூமுக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து டைப் அடித்தேன்.

மூன்றாவதாகத் திருநெல்வேலி ஜங்ஷனில், பட்டம் படித்த ஒரு டாக்டரம்மா. என்னைவிட ரெண்டு மூன்று வயது கூட இருக்கும். உள்ளே போனதும் அய்யாவின் கை என் தாடைக்கு வந்தது. நான் அதைத் தட்டிவிட்டு நானே வாயைத் திறந்தேன். டாக்டரம்மா வெள்ளைப் பல்லைப் பார்த்ததும், "யாரு இதுல ஆசிட் வச்சது?" என்று கோபப்பட்டார். பிறகு தன்மையாக விளக்கினார். பல் உறுதியாக இருக்கிறது, இது தண்ணீரால் வந்தது, உங்கள் மேல் தப்பு இல்லை, பிடுங்க வேண்டிய அவசியமே கிடையாது. ஆறு பல்லுக்கும் தொப்பி மாட்டினது போல வெள்ளையாக ஒரு உறை போட்டுவிடலாம். ஒரு பல்லுக்கு இருநூறு.

ஆயிரத்து இருநூறு! எங்கள் ஊர்க் காட்டில் ஒரு வெள்ளாமைக்கு மிஞ்சுவதே அவ்வளவுதான். அய்யா அசரவில்லை. இவ்வளவு உறுதியான பல்லுக்கு இருநூறா, ஆறாகச் சேர்த்துச் செய்யும்போது ஏதாவது தள்ளக் கூடாதா என்று பழைய பாட்டை எடுத்துவிட்டார். டாக்டரம்மாவும் சிரித்துக்கொண்டே ஆயிரத்து நூறு வரை வருகிற மாதிரித்தான் இருந்தது. அய்யாவின் கை துண்டுக்குப் போனது.

"உறை எப்படிம்மா நிக்கும்?" என்று கேட்டார்.

"பல்லைச் சுத்தி ராவி, சின்னதாக்கிட்டு, அதுமேல மாட்டிருவோம். பார்க்கிறவங்க யாருக்கும் தெரியாது. பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா.

அய்யா துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "ராவுவியளோ?" என்றார்.

"ஆமா. வலிக்காது."

"ஆருக்கும் தெரியாதோ?"

"தெரியவே தெரியாது."

அதற்குப் பிறகு அவர் பேரமே பேசவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பஸ் மானூர் தாண்டியதும் துண்டை எடுத்து மடியில் மடித்து வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "சொல்லிட்டுச் செய்வோம்."

"என்னத்த?"

"பல்லு இப்படின்னு மாப்பிள வீட்டுல சொல்லிருவோம். இந்த இந்த எடத்துல இந்த இந்த வெல, எது உங்களுக்குச் சம்மதமோ அதச் செஞ்சு தாரோம்னு கேட்டிருவோம். சொல்லாம ராவிக் குடுத்தா, நாளைக்கு எவனும் எம் மொகத்துல துப்புவான்."

"அய்யா, நான் மாடு இல்ல."

"அதனாலதான் சொல்லணும்ங்கேன்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. ஊர் பூராவும் பெண்ணுக்கு இருக்கிற குறையை மூடி மறைத்துக் கட்டிக்கொடுக்கிறது. எனக்கு வாய்த்த அப்பாவுக்கு மட்டும் நியாயம் பொத்துக்கொண்டு வருகிறது. அவருடைய நல்ல பெயருக்கு என் வாயையா திறந்து காட்ட வேண்டும்? அம்மாவும் அழுது பார்த்தாள். அவர் அசையவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் கோமதியம்மன் சந்நிதிக்கு வெளியே, பிரகாரத்தில் கூடினோம். நல்ல கூட்டம். புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவர்கள் பக்கம் மாப்பிள்ளை சங்கரபாண்டி, அவர் அம்மா அன்னக்கிளி, மாமன் நல்லக்கண்ணு. மாப்பிள்ளை பார்க்க நன்றாகவே இருந்தார். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது, தறியிலிருந்து நேரே வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிடித்திருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், அதில் என்ன இருக்கிறது?

அய்யா தேங்காய் பழத்தைக் கூட வாங்கவிடவில்லை. "மொதல்ல ஒரு விசயம்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார். சந்தையில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய குரல். "எம் மகளுக்கு மேல்பல்லு ஆறு காவி. தண்ணியால வந்தது. வேற கொற ஒண்ணும் கெடையாது. மறச்சுக் குடுக்க எனக்கு மனசு இல்ல."

தூணடியில் பிரசாதம் தின்றுகொண்டிருந்த ஒரு குடும்பம் தின்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் எங்கே மூட?

"எங்க, காட்டு தாயி" என்றார் அன்னக்கிளி. குரலில் கொடுமை இல்லை. கடையில் சேலையை விரிக்கச் சொல்கிற மாதிரிதான் இருந்தது. திறந்து காட்டினேன். மாப்பிள்ளை ஒருதரம் பார்த்துவிட்டுக் கோபுரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அந்த ஒண்ணு மட்டும் என்ன வெள்ளையா இருக்கு?" என்றார் நல்லக்கண்ணு.

"அது சாம்பிளு" என்றார் அய்யா. அப்புறம் மூன்று இடத்து விலையையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். பிடுங்கிச் செட்டு வைத்தால் நூற்றி நாற்பது. தேய்த்து வெளுக்க வைத்தால் எழுபத்தைந்து. உறை போட்டால் ஆயிரத்து இருநூறு. "எதுன்னு நீங்க சொல்லுங்க. எதுன்னாலும் செஞ்சு தாரேன்."

நல்லக்கண்ணு கால்மேல் கால் போட்டுக்கொண்டு யோசித்தார். மாடு வாங்குகிற புத்தி அவருக்கும் குறைச்சல் இல்லை. "புடுங்கினா ஆகாது. பின்னால ஈறு அது இதுன்னு செலவு எங்க தலையில விழும். தேச்சாலும் நிக்காது, மறுபடி காவி வந்திரும். உறதான் சரி. ஆமா, ஆயிரத்து எரநூறும் செலவழிக்க நீரு தயார்தான?"

"கடன உடன வாங்கியாவது செய்வேன். சொல்லிட்டேன்லா" என்றார் அய்யா.

"அப்பம் ஒண்ணு செய்யும் வே." நல்லக்கண்ணு காலைக் கீழே இறக்கினார். "எவனோ டாக்டருக்கு எதுக்குக் குடுக்கீரு? பல்லு பாட்டுக்குக் கெடக்கட்டும். சோறு திங்கதுக்கு என்ன நெறமா வேணும்? அந்த ஆயிரத்து எரநூற எங்க பையன் கையில குடுத்திரும். சொந்தமா ரெண்டு தறி போடணும்னு நிக்கான். அட்வான்சுக்கு ஆகும்."

அன்னக்கிளியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதான் நல்லது. பல்ல யாரு பாக்கா?" என்றார். கொஞ்சம் முன்னால்தான் பார்த்தார்.

கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையும் திரும்பினார். "எனக்குப் பல்லப் பத்தி ஒண்ணும் இல்ல" என்றார். அன்றைக்கு அவர் பேசிய ஒரே பேச்சு அதுதான்.

பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர், எழுந்து போன இரண்டு சம்பந்தம், அய்யாவின் கட்டை விரல், ஆசிட், ஜரினாவின் கேள்வி எல்லாவற்றையும் நான் ஒரு குறைக்காகத் தாங்கிக்கொண்டேன். அந்தக் குறை இருந்தால் இவர்களுக்கு ஒன்றும் இல்லையாம். அதைத் தீர்க்கிற கூலியை இவர்கள் கையில் கொடுத்துவிட்டால் போதுமாம். இதுவரைக்கும் என் பல்லைப் பார்த்து வந்த வெட்கமெல்லாம் ஒன்றுமே இல்லை. இது உடம்பு பூராவும் வந்தது.

அய்யா மறுப்பார் என்று நினைத்தேன். அவர் நல்லக்கண்ணு பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். "ஆயிரத்து எரநூறு டாக்டருக்குத்தான வே? உமக்கும் அதே வெலயா?" என்றார். சொல்லிக்கொண்டே துண்டை எடுத்து உதறினார்.

இரண்டு கையும் துண்டுக்குள் போயின. மற்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். சின்னப் பிள்ளையில் சந்தைக்கு அவரோடு போய்ப் பழகியவள் நான். அய்யா விலையைக் குறைத்துக்கொண்டு போகும்போது அவருடைய வலது தோள் மெல்ல இறங்கும். அது இறங்கியது. கொஞ்சம் நின்றது. மறுபடி இறங்கியது. நல்லக்கண்ணு தலையை ஆட்டினார், வானத்தைப் பார்த்தார், பல்லைக் கடித்தார். கடைசியில் துண்டுக்குள் ஒரு அழுத்து.

"முடிஞ்சுது" என்றார் அய்யா. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பெரிய ஜோடியைப் பாதி விலைக்கு முடித்த நாளில்தான் அதைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தோடே என் பக்கம் திரும்பினார். என்னைப் பார்த்ததும் அது அப்படியே அணைந்துபோயிற்று.

"எனக்கு வேண்டாம்" என்றேன்.

சத்தமாகச் சொல்ல நினைக்கவில்லை, ஆனால் சத்தமாகத்தான் வந்தது. பிரகாரத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

நல்லக்கண்ணு அய்யாவின் கையை இன்னும் விடவில்லை. "என்ன வே இது? கை குடுத்த பெறவு உருப்படி பேசுது?" என்று சொல்லிச் சிரித்தார். சந்தையில் தலைக்கணக்குச் சொல்கிற வார்த்தை அது, பத்து உருப்படி, இருபது உருப்படி என்று. அன்னக்கிளியும் சிரித்தார். அய்யாவின் உதடும் பழக்கத்தில் சிரிக்கப் போய், பாதியில் நின்றது.

அவர் கையை உருவிக்கொண்டார். "பேச்சு முறிஞ்சுது அண்ணாச்சி" என்றார்.

நல்லக்கண்ணுவின் சிரிப்பு நின்றுவிட்டது. "யோசிச்சுச் சொல்லும். துண்டுக்குள்ள குடுத்த வாக்கு. சிவனாண்டி வாக்கு முறிஞ்சுதுன்னு நாளைக்குச் சந்தையில நான் சொல்லுவேன்."

"சொல்லும்" என்றார் அய்யா.

கை கொடுத்த பிறகு பேச்சை முறிக்கிறவன் துண்டைத் திரும்ப எடுக்கக் கூடாது, எதிராளியிடமே விட்டுவிட வேண்டும். அதுதான் வழக்கம். அதை எடுத்துக்கொண்டு போய் நாலு பேரிடம் காட்டுவார்கள். அய்யா துண்டை நல்லக்கண்ணுவின் மடியில் விட்டுவிட்டு எழுந்தார். வெறும் தோளோடு ரதவீதியில் நடந்தார். எதிரே வந்த ஆட்களில் இரண்டு மூன்று பேர் தெரிந்தவர்கள், அவர் தோளைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்காமலே ஒதுங்கிப் போனார்கள். பின்னால் நானும் அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு வந்தோம்.

பஸ் ஸ்டாண்டில் அம்மா ஒரு பக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டாள். அய்யா என் பக்கத்தில் வந்து நின்றார். கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தோளைத் தடவினார், வேட்டியைத் தடவினார்.

"ஒம்மேல கோவம் இல்ல தாயி" என்றார். "அந்தாளு கை எறங்க எறங்க, நீ அங்கன நிக்கதே எனக்கு மறந்துபோச்சு. சந்தோசப்பட்டுட்டேன். அத நெனச்சா வெக்கமா இருக்கு."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பேச்சை முறித்ததற்கு நன்றி என்றாவது சொல்லியிருக்கலாம். எனக்கோ துண்டுக்குள் என்ன நடந்தது என்று தெரிந்தாக வேண்டியிருந்தது.

"எவ்வளவுக்கு முடிச்சீய?" என்றேன்.

"எழுநூறு."

"ஆயிரத்து எரநூறுல இருந்தா?"

"ஆமா."

"பரவால்லையே" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. அய்யா என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு விநாடி அவர் முகத்தில் பழைய வெளிச்சம் எட்டிப் பார்த்தது. என் முகத்திலும் அது இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் அதைப் பார்த்ததும் அவர் சட்டென்று குனிந்துகொண்டார். நானும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் வந்தது. அவர் முன்னால் ஏறிப் போய் உட்கார்ந்தார். நான் பின்னால், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.